பாஞ்சாலியின் பச்சைத் தாடை

போன பங்குனியில், துரியோதனன் சபையில் தலைவிரி கோலமாக நின்று கண்ணனைக் கூப்பிட்டுக் கதறிக்கொண்டிருந்தேன். முன்வரிசைப் பாயில் உட்கார்ந்திருந்த ஒரு பொடியன் தன் அம்மாவிடம் கேட்டான்: "பாஞ்சாலி ஏம்மா சவரம் பண்ணியிருக்கா?"

சன்னமான குரல்தான். ஆனால் ஆர்மோனியக்காரர் அந்த நேரம் பார்த்துத்தான் தண்ணீர் குடிக்க நிறுத்தியிருந்தார். சிரிப்பு பாய் பாயாகப் பின்னால் போனது. என் முந்தானையைப் பிடித்திருந்த துச்சாதனன், வேறு யாருமில்லை, என் சித்தப்பா மகன், தலையைக் குனிந்துகொண்டு குலுங்கினான். சேலை உரியும் காட்சியில் சனம் அழ வேண்டும். எங்கள் ஊரில் அன்றைக்குச் சிரித்தது. விடிந்தால் தீமிதி. அம்மன் என்ன நினைத்தாளோ.

நான் ரங்கூனில் ஒரு இரும்புச் சாமான் கடையில் கணக்கு எழுதுகிறவன். வயது 43. (யங்கோன் என்று பெயர் மாறி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. எங்கள் வாய்க்கு இன்னும் ரங்கூன்தான். பாகோவும் எங்களுக்குப் பெகுதான்.) சொந்த ஊர், பெகுவைத் தாண்டி வயலுக்கு நடுவே இருக்கும் தமிழ்க் கிராமம். இங்கிருந்து பெகுவுக்கே 50 மைல், அதற்கு மேல் மண் ரோடு. வருஷம் முழுக்க மீசைக்காரன், ஒரே ஒரு ராத்திரி மட்டும் கூத்தில் ஸ்திரீபார்ட், அதாவது பெண் வேஷம். 19 வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது. குரல் வந்துவிடும், நடை வந்துவிடும், அழுகை தானாகவே வந்துவிடும். தாடை மட்டும்தான் சொன்னபடி கேட்பதில்லை.

அப்பாவுக்கும் இதே தாடை. காலையில் மழித்துவிட்டுக் கடைக்குப் போவார், மத்தியானச் சோற்றுக்கு வரும்போது கன்னத்தில் பச்சை பாரித்திருக்கும். அவர் செத்தபோது எனக்கு மீசையையும் எடுத்தார்கள். குளித்துவிட்டு வந்து கண்ணாடியைப் பார்த்தால், மீசை போன இடத்தில் மீசையின் நிழல் அப்படியே உட்கார்ந்திருந்தது. எடுத்த மாதிரியே இல்லை. அந்தத் துக்கத்திலும் அது எனக்கு நினைவிருக்கிறது.

சரி, 19 வருஷம் இல்லாத கேள்வி போன வருஷம் எப்படி வந்தது? காரணம் விளக்கு. நான் வேஷம் கட்டத் தொடங்கிய காலத்தில் பெட்ரோமாக்ஸ், அதற்கப்புறம் ஜெனரேட்டரில் எரியும் குண்டு பல்பு. இரண்டுமே மஞ்சள் வெளிச்சம். அந்த மஞ்சளில் எல்லா முகமும் அம்மன் முகமாக இருக்கும். இப்போது ஊரில் வீட்டுக்கு வீடு சோலார் தகடு. கோயில் கமிட்டியும் நாலு எல்.இ.டி. விளக்கு வாங்கி மேடையின் இரண்டு பக்கமும் கட்டிவிட்டது. பால் மாதிரி வெள்ளை வெளிச்சம். அதில் நீலம் தூக்கல், பச்சையும் கறுப்பும் பளிச்சென்று எழுந்து நிற்கும். கமிட்டியைக் குறை சொல்லவில்லை. வெளிச்சம் நன்றாகத்தான் இருக்கிறது, எனக்குத்தான் ஆகவில்லை.

திருவிழா முடிந்து ரங்கூன் வந்ததும் ஒரு வெறியோடு இறங்கினேன். புது பிளேடு. மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை, தோலை இழுத்துப் பிடித்துக் குறுக்கே ஒருமுறை. தடவினால் கண்ணாடி மாதிரி வழவழப்பு. பார்த்தால் அதே பச்சை. நாலு நாள் இப்படிச் செய்ததில் கழுத்தெல்லாம் சிவந்து கொப்புளம் கிளம்பியது. எதிர்ப்போக்கில் ஒட்ட வெட்டினால், சுருட்டை முடியாக இருந்தால், வெட்டின முனை தோலுக்குள்ளேயே வளைந்து வளர்ந்து குத்தும். அந்தப் புண் ஆறும்போது விட்டுவிட்டுப் போகிற கறுப்புத் தழும்பு இருக்கிறதே, அது முடியின் நிழலுக்கு மேல் இன்னொரு நிழல். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் மாசக்கணக்கில் போகாது.

எனக்கு முடி வெட்டும் அண்ணன் அந்தக் கழுத்தைப் பார்த்துவிட்டுக் கத்தியை மடக்கி வைத்தார். "தம்பி, கத்தி மேலே இருக்கிறதைத்தான் எடுக்கும். உன் கறுப்பு உள்ளே இருக்கு" என்றார். அவ்வளவுதான் பேச்சு. மிச்ச நேரம் முழுக்கப் பந்து விளையாட்டுதான் பேசினார். ஆனால் அந்த ஒரு வார்த்தை எனக்குள் ஊறிக்கொண்டே இருந்தது.

நம் மொழியில் பச்சை குத்துவது என்கிறோமே, குத்துகிற மை என்ன நிறம்? கரி. சுத்தக் கறுப்பு. தோலுக்குள் போன பிறகு பச்சையாகத் தெரிகிறது. என் அப்பாயியின் முன்கையில் மூன்று புள்ளியும் ஒரு கோலமும் இருந்தன, பாசி நிறத்தில். பழைய பர்மிய ஆண்கள் இடுப்பிலிருந்து முழங்கால்வரை குத்திக்கொண்ட சித்திரமும் அப்படித்தான், கால்சட்டை போட்ட மாதிரி கருநீலம். கையில் ஓடுகிற நரம்பைப் பச்சை நரம்பு என்கிறோம், உள்ளே ஓடுவதோ சிவப்பு ரத்தம். தோலின் வேலை இது. சிவப்பு ஒளி தோலுக்குள் ஆழமாக இறங்கும், நீல ஒளி மேலாக இருக்கும்போதே சிதறித் திரும்பிவிடும். உள்ளே கறுப்பாக ஒன்று இருந்தால் இறங்கின சிவப்பை அது விழுங்கிவிடும். நம் கண்ணுக்கு வந்து சேர்வது நீலம் மிகுந்த மிச்சம். வெள்ளைக்காரன் தோலில் அது நீலமாகவே தெரியும். நம் தோலில் மஞ்சளும் பழுப்பும் கலந்திருப்பதால் பச்சை. மழித்த கன்னத்தைப் பச்சை என்று சொன்னவனும், பச்சை குத்து என்று சொன்னவனும் நன்றாகக் கண்ணைத் திறந்து பார்த்திருக்கிறான்.

அப்படியானால் சவரத்தில் தீராது. தோலுக்குள் சில மில்லிமீட்டர் ஆழத்தில் முடியின் வேர் கறுப்புக் குமிழாக உட்கார்ந்திருக்கிறது. தாடி முடி ஒரு நாளில் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வளரும். ராத்திரி 10 மணிக்கு மேடை ஏறி விடியற்காலை இறங்குகிறவனுக்கு, பாதிக் கதையிலேயே முனைகள் எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிடும். அம்மா மட்டும் இன்னும், "சின்ன வயசிலேயே கத்தி வச்சுட்டே, அதான் தடிச்சுப் போச்சு" என்கிறாள். 1928-லேயே மில்ட்ரெட் ட்ராட்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர் மழித்த முடியை அளந்து பார்த்து, சவரத்தால் முடி தடிப்பதும் இல்லை, வேகமாக வளர்வதும் இல்லை என்று எழுதிவிட்டார். இயற்கை முனை கூர்மை, வெட்டின முனை மொட்டை. அந்த மொட்டைதான் சொரசொரப்பாகத் தடித்துத் தெரிகிறது. அம்மாவிடம் சொன்னேன். "அந்தப் பொம்பளைக்கு உன்னை மாதிரி மவன் இருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றாள்.

அப்புறம் தனக்கா. பர்மாவில் இருந்துகொண்டு முகத்துக்கு ஏதாவது என்றால் முதலில் கை போவது அதற்குத்தான். விளாமரத்துக்குச் சொந்தக்கார மரம். பட்டையைச் சந்தனம் உரைப்பது போல ஈரக்கல்லில் வட்டமாக உரைத்தால் வெளிர் மஞ்சளாகக் குழம்பு வரும். ஷ்வேபோ ஊர்க் கட்டை உசத்தி என்பார்கள். என் மனைவி தினமும் கன்னத்தில் வட்டமாகப் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போகிறாள். சவர எரிச்சலுக்கு அதைப் போல இதமான பொருளை நான் பார்த்ததில்லை. ஆனால் நிழலை மறைக்குமா என்றால், ஈரமாக இருக்கும்போது மறைத்த மாதிரி காட்டும், காய்ந்ததும் வெளுத்து, வேர்த்தால் ஓடு ஓடாக வெடித்துவிடும். பங்குனி வெயிலில், பட்டுச் சேலைக்குள், சவுரி முடிக்குக் கீழே, வேர்க்காமல் எப்படி? தனக்காத் தூளைக் குசும்பா எண்ணெயில் குழைத்துத் தேய்த்தால் முடியே நின்றுபோகும் என்று தெய்ஞ்ஜி சந்தையில் மருந்துக் கடைக்கார அம்மா அடித்துச் சொன்னார். மூன்று மாசம் தேய்த்தேன். தலையணை உறைதான் மஞ்சளானது.

லேசர் பற்றியும் விசாரித்தேன். கறுப்பைத் தேடிப்போய்ச் சுடுகிற ஒளி அது. முடியின் கறுப்பையும் தோலின் கறுப்பையும் அதற்குச் சரியாகப் பிரித்தறியத் தெரியாது. அதனால் நம் நிறத்துக்கு 1064 நானோமீட்டர் அலைநீளம் உள்ள மெஷின்தான் பத்திரம், ஆழமாகப் போகும், மேல்தோலை அவ்வளவாகத் தொடாது. ஒரே தடவையில் முடியாது. வளர்கிற பருவத்தில் இருக்கும் முடிதான் சாகும் என்பதால் வாரக்கணக்கில் இடைவெளி விட்டுப் பல தடவை போக வேண்டும். மெஷின் எந்த ரகம் என்று கேட்டால் பதில் சொல்லாத இடத்துக்குப் போகாமல் இருப்பது நல்லது. நான் ஒரு இடத்தில் கேட்டேன், "ஜப்பான் மெஷின்" என்றார்கள். அதோடு எழுந்து வந்துவிட்டேன். தவிரவும், ஒரு ராத்திரி வேஷத்துக்காக ஆயுசுக்கும் தாடியைத் தொலைப்பானேன்? மனைவியிடம் கேட்டபோது, "மீசையில்லாம ஊருக்குள்ள நடந்தீங்கன்னா நான் பத்தடி பின்னாலதான் வருவேன்" என்றாள்.

கடைசியில் போய்ச் சேர்ந்தது வாத்தியாரிடம். முதலிலேயே போயிருக்கலாம். வெட்கம்.

எங்கள் கூத்து வாத்தியாருக்கு 80 நெருங்குகிறது. 1964-இல் கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு கப்பல் கப்பலாக நம் ஆட்கள் தமிழ்நாட்டுக்குப் போனார்களே, அந்தக் கூட்டத்தோடு எங்கள் ஊர் ஸ்திரீபார்ட்டும் போய்விட்டாராம். அந்த வருஷத் திருவிழாவுக்குப் பாஞ்சாலி இல்லை. 18 வயசுப் பையனாக மிருதங்கத்துக்குப் பக்கத்தில் தாளம் போட்டுக்கொண்டிருந்த இவரை உட்காரவைத்துச் சேலை சுற்றிவிட்டார்கள். போனவர் ஒப்பனைப் பெட்டியை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தார். தகரப் பெட்டி. அது இன்னும் வாத்தியார் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

விஷயத்தைச் சொன்னேன். என் தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். "என்னடா பூசுறே இப்ப?"

"கடையில விக்கிற பவுண்டேஷன் தாத்தா. என் நிறத்தைவிட ரெண்டு மடங்கு வெளுப்பு."

"கறுப்பு மேல வெள்ளையைப் பூசினா என்ன வரும்? சாம்பல் வரும். அரைச்சு அரைச்சு அப்பினாலும் சாம்பல்தான். பச்சைக்கு முதல்ல பகையை வைக்கணும்டா, அப்புறந்தான் நிறத்தை வைக்கணும்."

பகை என்று அவர் சொன்னது செம்மஞ்சளை. பெட்டியைத் திறந்து காட்டினார். அரிதாரம், செந்தூரம், முத்து வெள்ளை, கரி மை. ஒவ்வொன்றும் துணியில் முடிந்து கல்லாகிக் கிடந்தது. அந்தக் காலத்தில் தேங்காய் எண்ணெயில் மஞ்சள் அரிதாரத்தையும் ஒரு சிட்டிகை செந்தூரத்தையும் குழைத்து, மழித்த இடத்துக்கு மட்டும் முதல் பூச்சு. மேலுதடு, தாடை, கழுத்தின் மேல்பகுதி. அது காய்ந்த பிறகுதான் முகம் முழுக்க அடுத்த பூச்சு. கன்னத்து எலும்புக்கு மேலே முதல் பூச்சு போகவே கூடாது, போனால் காமாலை வந்தவன் மாதிரி இருக்கும். வேஷம் போடுவதற்கே அரிதாரம் பூசுவது என்று பேர் வந்ததே, அந்த மஞ்சள் வெறும் அழகுக்கு இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஆண்கள் மட்டுமே ஆடிய மேடையில் ஒவ்வொரு ராணிக்கும் ஒரு பச்சைத் தாடை இருந்திருக்கும்.

ஒரு சிட்டிகை கேட்டேன். பெட்டியை மூடிவிட்டார். "தாளகம்டா இது. பாஷாணம். வாயில பட்டா துப்பிட்டுக் கொப்புளிக்கணும்னு எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க. நீ வேற வழி பாரு." அவர் சொன்னது சரி. அரிதாரம் ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த கனிமம். செந்தூரம் என்று விற்பதில் பாதரசமோ ஈயமோ இருக்கலாம். அந்தக் கலைஞர்கள் மணிக்கணக்காக இதை முகத்தில் வைத்துக்கொண்டு வேர்த்து, உதட்டை நக்கி, பாடியிருக்கிறார்கள்.

இங்கே என் அக்கா மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லலாமா என்று அவளிடமே கேட்டேன். "பேரு போடாம எழுதுங்க மாமா" என்றாள். வயது 22, ரங்கூனில் போன் கடையில் வேலை, எங்கள் வீட்டில்தான் தங்கியிருக்கிறாள். கொரோனா வந்தபோது மாட்டின முகக்கவசத்தை எல்லாரும் கழற்றிவிட்டார்கள், அவள் மட்டும் கழற்றவில்லை. வீட்டில் சாப்பிடும்போதுகூடத் தட்டைத் தூக்கிக்கொண்டு மூலைக்குப் போவாள். எங்களுக்கு அது பழகிப்போயிருந்தது. நான் கேட்கவே இல்லை என்பதை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

வாத்தியாரைப் பார்த்துவிட்டு வந்த ராத்திரி, கண்ணாடி முன்னால் மனைவியின் லிப்ஸ்டிக்குகளை வரிசையாக வைத்துக்கொண்டு ஆரஞ்சு நிறம் தேடிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒன்று ரொம்பச் சிவப்பு, ஒன்று ரோஸ். "அது வேணாம் மாமா, மினுமினுப்பு இருக்கு. மினுக்கினா புள்ளி புள்ளியாத் தெரியும்" என்றாள். எப்படித் தெரியும் என்று திரும்பிப் பார்த்தேன். முகக்கவசத்தைக் கீழே இறக்கினாள். மோவாயில், தாடையின் இரண்டு ஓரத்தில், என் முகத்தில் இருக்கிற அதே பச்சை. என் அப்பாவின் பச்சை. மூன்று வருஷமாகக் குளியலறையில் என் ரேசரால்தான் மழித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அந்த ராத்திரி இரண்டு பேரும் 12 மணிவரை உட்கார்ந்து பூசிப் பூசிப் பார்த்தோம். பளபளப்பில்லாத ஆரஞ்சைத் தொட்டு, தேய்க்காமல் விரல் நுனியால் தட்டித் தட்டி, பச்சை இருக்கிற இடத்தில் மட்டும், மெலிசாக. அதன் மேல் கொஞ்சம் பவுடரை அழுத்தி ஒற்ற வேண்டும், இல்லையென்றால் அடுத்த பூச்சோடு குழைந்து முகமே கேரட் ஆகிவிடும். அதற்கு மேல்தான் தோலின் நிறம். நம் நிறத்துக்குச் சரியாக, ஒரு துளிகூட வெளுப்பு இல்லாமல். எனக்கு ஆழமான ஆரஞ்சு எடுத்தது. அவள் என்னைவிடச் சிவப்பு, அவளுக்கு அது தூக்கிக்கொண்டு நின்றது. பீச் பழ நிறத்தில் கரெக்டர் என்று கடையில் தனியாகவே விற்கிறது, மறுநாள் வாங்கி வந்தாள். சவரம் செய்த உடனே பூசினால் எரியும். வெந்நீர் ஒத்தடம், முடி சாய்ந்திருக்கும் போக்கிலேயே அழுத்தாமல் ஒரே ஓட்டம், அப்புறம் அரைமணி நேரம் சும்மா விடுவது என்று வைத்துக்கொண்டோம். நான் இனி என் ரேசரை அவளுக்குத் தருவதில்லை. புதிதாக வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

மனைவிக்குத்தான் முதலில் பொறி தட்டியது. "மாசாமாசம் ஒழுங்கா வருதாடி?" என்று அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறாள். வரவில்லை. டாக்டரிடம் கூட்டிப்போனாள். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். சினைப்பை நீர்க்கட்டி. ஆண் ஹார்மோன் அளவு கூடினால் பெண்ணுக்கு மோவாயில் கறுப்பு முடி வரும், மாதவிலக்கு தள்ளிப்போகும். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். முடி குறைய மாசக்கணக்கில் ஆகும், முளைத்தது ஒரேயடியாகப் போய்விடாது என்றும் சொல்லி அனுப்பினார்கள். அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னபோது அவள் அழுதாள், அப்புறம், "மஞ்சள் தேய்ச்சுக் குளிடின்னா கேட்டாளா" என்று திட்டினாள். எல்லாம் அம்மாவிடமிருந்து வந்த பாடம்.

இந்தப் பங்குனிக்கு அவளும் ஊருக்கு வந்தாள். ஒப்பனைக் கொட்டகையில் பெண்கள் வருவது வழக்கமில்லை, வாத்தியார்தான் "அவ கை நல்ல கை, உள்ள விடு" என்றார். பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆரஞ்சு, பவுடர், நிறம், மறுபடி பவுடர். "கழுத்தையும் சேத்துக்க, பாட்டு உச்சிக்குப் போகும்போது கழுத்துதான் தெரியும்" என்று நடுவில் ஒருமுறை மட்டும் சொன்னார். அந்தப் பொடியன் இந்த வருஷமும் முன்வரிசைதான். சேலை உரிகிற காட்சி வரும்வரை எனக்கு அவன்மேலேயே கண். உரிகிற நேரத்தில் பார்த்தேன், அம்மா மடியில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். ஒரு வருஷப் பாடு இப்படிப் போனது. ஆனால் பின்வரிசையில் கிழவிகள் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது.

கதை முடியும்போது கிழக்கு வெளுத்துவிட்டது. தீக்குழியில் நெருப்புக் கங்குகளை வாரிப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர் வழக்கப்படி பாஞ்சாலி வேஷத்தோடேயே குழியைச் சுற்றி வர வேண்டும். பம்பைக்காரர்கள் அவசரப்படுத்தினார்கள். சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். கூட்டத்துக்குள்ளிருந்து கையைப் பிடித்து யாரோ இழுத்தார்கள்.

"நில்லுங்க மாமா. இடது பக்கம் முளைச்சிருச்சு."

அவள்தான். முகக்கவசம் கழுத்தில் மாலை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் காலை வெளிச்சத்தில், அத்தனை சனத்துக்கும் நடுவில், விரலில் ஆரஞ்சைத் தொட்டு என் தாடையில் தட்டத் தொடங்கினாள்.